மோட்டரை நிறுத்துங்கள், வாளியை எடுங்கள்

வட்டக்கச்சியில் இருந்துகொண்டு ஜிம்முக்குப் போவதென்றால் கிளிநொச்சி ரவுணுக்குப் போகவேண்டும். வேலை முடிந்து, பிள்ளையை ரியூசனில் விட்டு, இரவுச் சாப்பாட்டையும் பார்த்து... சரி, அது நடக்காது. வயல் செய்கிற ஆட்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைப்போல காலையில் ஸ்கூட்டியில் ஏறி, கந்தோர்க் கதிரையில் இருந்துவிட்டு, பின்னேரம் திரும்பவும் ஸ்கூட்டியில் ஏறுகிறவர்களுக்குத்தான் வீட்டோடு செய்யக்கூடிய இந்த உடற்பயிற்சிகள்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பான நடை, அதோடு 2 நாளாவது தசைகளுக்குப் பாரம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. நடக்கச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாரம் தூக்கச் சொல்லி, அதுவும் பெண்களுக்கு, ஒருவரும் சொல்வதில்லை.

கிணற்றில் தொடங்குங்கள். வீட்டுக்கு வீடு மோட்டர் வந்த பிறகு நாங்கள் எதையுமே இழுப்பதில்லை. முதுகும் தோளும் அதனால்தான் சோர்ந்து கிடக்கின்றன. தொட்டிக்கு மோட்டர் ஓடட்டும், குளிக்கவும் பூக்கன்றுக்கும் கப்பியில் அள்ளுங்கள். ஒரு காலைச் சற்று முன்னே வைத்து நில்லுங்கள். கயிற்றைக் கீழே இழுக்கும்போது முழங்கை விலாவோடு ஒட்டி வரவேண்டும், தோள் காதுப்பக்கம் ஏறக்கூடாது. வாளி மேலே வந்த பிறகுதான் ஆட்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்வது: எட்டி வளைந்து எடுத்து, அப்படியே உடம்பை முறுக்கி ஊற்றுவார்கள். வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்து மூச்சு விடுங்கள். பிறகு காலையும் சேர்த்துத் திரும்பி ஊற்றுங்கள். கோடையில் தண்ணீர் கீழே போகப்போக இழுவை தானாகவே கூடும். கட்டில்லாத கிணறு, பாசி பிடித்த தரை என்றால் இதை விட்டுவிடுங்கள். பிரஷர், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டொக்டரைக் கேளுங்கள்.

அடுத்தது கான். 1 லீற்றர் தண்ணீர் 1 கிலோ, ஆகவே தராசு தேவையில்லை. கைக்கொன்றாக இரண்டு 5 லீற்றர் கான்களைப் பிடித்து, நிமிர்ந்து, படலையில் இருந்து கிணற்றடி வரை போய்வாருங்கள். பாரமாக இருந்தால் பாதி நிரப்புங்கள். கால் தொடைக்கு, உரப்பையில் கால்வாசி மணல் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிரையில் இருந்து எழும்புவதும் இருப்பதும். தண்டாலைச் சுவரில் தொடங்கி, கை பழகியதும் விறாந்தைக் குந்துக்கு இறங்கலாம்.

நடைக்கு வாய்க்கால் கரை நல்லது, நல்லாய் விடிந்த பிறகு. யானை வருகிற ஊர்களில் இருட்டோடு போவது வீரமில்லை. புழக்கத்தில் உள்ள பாதையை விட்டுக் காட்டுப்பக்கம் குறுக்கே போகாதீர்கள். கண்ணிவெடி இருக்கென்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். சைக்கிள் ஓடுகிறவர்கள் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு வீடு திரும்புங்கள். மாறிச் செய்தால் களைத்துப்போய் நடுவழியில் நிற்கவேண்டி வரும். 10 மணிக்குப் பிறகு வெய்யிலில் ஒன்றும் வேண்டாம். வேர்த்தால் உப்புப் போட்ட மோர் போதும், சோடா வாங்காதீர்கள்.

ரோட்டில் ஓடினால் “என்ன பிள்ளை, ஏதும் அவசரமோ?” என்று கேட்பார்கள். ஆகவே ஓட்டத்துக்கு என்னுடைய வழி கிளித்தட்டு: கோடுகளில் நின்று மறிக்கிறவர்களின் கையில் படாமல் தாண்டிப்போகிற விளையாட்டு. வளவுக்குள் சாம்பலால் கோடு போட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். கோட்டைத் தாண்டப் பாய்வது, சட்டென்று நிற்பது, திரும்புவது, திரும்பவும் பாய்வது என்று இருபது நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். கிளியாக நிற்கிறவருக்குத்தான் ஓட்டம் கூட. நடுக்கோடு முழுக்க அவர் பொறுப்பு. வயது போனவர்கள் ஒரு குறுக்குக்கோட்டை மறிக்கலாம், அங்கே பக்கவாட்டு நடைதான். முழங்கால் நோ உள்ளவர்கள் பாய்ந்து திரும்பவேண்டாம். மாரியில் வளவு சேறாகிவிடும், அப்போது விறாந்தையில் மணல் பையும் கதிரையும்தான்.