அணு ஆபத்து வந்தால் ஓடுவதா, உள்ளே இருப்பதா? முதல் சில மணி நேரத்துக்கான வழிமுறை

அணுகுண்டு விழுந்தாலும் அணு உலை வெடித்தாலும் நம்மால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குண்டு விழும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அதைச் சுற்றியுள்ள மிகப் பெரிய பரப்பில் பிழைப்பதும் பிழைக்காததும், முதல் சில மணி நேரம் எங்கே இருந்தோம் என்பதைப் பொறுத்தே அமையும். பயத்தில் கால் வெளியே ஓடத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் வெளியே ஓடுவதுதான் பெரிய ஆபத்து. அதனால் எங்கே போய் ஒதுங்குவது என்பதை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேறுபாடு. அணு உலை அணுகுண்டைப் போல வெடிக்காது. பெரும்பாலான மின் உலைகளின் எரிபொருளில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 சுமார் 3 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். குண்டுக்குச் சுமார் 90 சதவீதம் தேவை. 1986-ல் செர்னோபிலில் உலையைப் பிளந்தது நீராவி அழுத்தம். 2011-ல் ஃபுகுஷிமாவில் கட்டடங்களை உடைத்தது ஹைட்ரஜன் வாயு. குண்டு வெடித்தால் உங்கள் கையில் இருப்பது நிமிடங்கள். உலை விபத்தில் பெரும்பாலும் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் அவகாசம் கிடைக்கும்.

குண்டு வெடித்தால்

கண்ணைக் கூசும் வெளிச்சம் தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகாதீர்கள். அதிர்வலை ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் 3 விநாடி ஆகும். அது வந்து சேரும்போது கண்ணாடி சிதறும். 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே விண்கல் வெடித்தபோது, வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலருகே போய் நின்றவர்கள் நிறையப் பேர். அதிர்வலை வர 2 நிமிடத்துக்கும் மேல் ஆனது. காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோருக்குக் கண்ணாடிச் சில்லுதான் காரணம். குப்புறப் படுத்து, முகத்தையும் கைகளையும் மறைத்துக்கொள்ளுங்கள். அலை கடந்து போகும்வரை எழாதீர்கள்.

அதன்பின், மேலே கிளம்பிய கதிரியக்கத் துகள்கள் சாம்பலும் மணலுமாகக் கீழே இறங்கத் தொடங்கும். வெடித்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் 10 முதல் 15 நிமிடம் கிடைக்கலாம். அதற்குள் கான்கிரீட் அல்லது செங்கல் கட்டடம் ஒன்றுக்குள் போய்விட வேண்டும். காரில் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு ஆகாது. எதையும் ஊடுருவிப் போகும் காமா கதிரைத் தகரமும் கண்ணாடியும் தடுக்காது.

கட்டடத்துக்குள் எங்கே என்பதும் முக்கியம். துகள்கள் கூரையிலும் தரையிலும் படிந்து, அங்கிருந்துதான் கதிரை வீசும். ஆகவே மேல்மாடியும் ஆகாது, தரைத்தளத்தின் வெளிச்சுவரை ஒட்டிய அறையும் ஆகாது. நிலவறை இருந்தால் அதுதான் நல்லது. அடுக்குமாடியில் நடு மாடிகளின் மையப்பகுதி, அதாவது ஜன்னல் இல்லாத படிக்கட்டுப் பகுதி அல்லது உள்பக்கக் குளியலறை. சுமார் 6 செ.மீ. கான்கிரீட் கதிரைப் பாதியாக்கும், 18 செ.மீ. எட்டில் ஒரு பங்காக்கும். மண்ணானால் பாதியாக்க 9 செ.மீ. வேண்டும்.

எவ்வளவு நேரம் இருப்பது? வெடித்ததிலிருந்து நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சின் வீரியம் பத்தில் ஒன்றாகக் குறையும். வெடித்து ஒரு மணி நேரத்தில் வெளியே மணிக்கு 1,000 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றால், 7 மணி நேரத்தில் 100, சுமார் 2 நாளில் 10, 2 வாரத்தில் 1. முதல் நாள் உள்ளே இருப்பதன் மதிப்பு இந்தக் கணக்கிலேயே தெரியும். வேறு உத்தரவு வராதவரை குறைந்தது 24 மணி நேரம் வெளியே வராதீர்கள். பள்ளியில் இருக்கும் பிள்ளையை அழைத்துவரவும் போகாதீர்கள். கேட்கவே மனம் ஒப்பாதுதான். ஆனால் பிள்ளை அங்கே உள்ளே இருக்கிறது, அழைத்துவந்தால் இருவரும் வெளியே இருப்பீர்கள்.

வெளியிலிருந்து வந்தவரைச் சுத்தம் செய்வது

மேலாடையையும் செருப்பையும் கழற்றினாலே உடலில் ஒட்டிய துகள்களில் 80 முதல் 90 சதவீதம் வரை போய்விடும். அதை வாசலிலேயே செய்ய வேண்டும். உதறக் கூடாது. வெளிப்பக்கம் உள்ளே மடியும்படி சுருட்டிக் கழற்றுங்கள். தலைவழியாகக் கழற்றும் பனியனைக் கத்தரியால் வெட்டி எடுப்பது மேல். முகத்தின் மேலே இழுத்தால் தூசி மூக்குக்கும் வாய்க்கும் போகும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஆட்கள் இல்லாத மூலையில் வையுங்கள்.

பிறகு வெதுவெதுப்பான நீரில் சோப்பு, ஷாம்பூ போட்டுக் குளிக்க வேண்டும். கொதிநீர் வேண்டாம், அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்; தோல் உரிந்தால் துகள் உள்ளே போக வழியாகும். கண்டிஷனர் கூடவே கூடாது, அது துகளை முடியோடு ஒட்டவைத்துவிடும். மூக்கைச் சிந்துங்கள். இமை, காது மடல், நகக்கண் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடையுங்கள். குளிக்க வழியில்லை என்றால் முகம், கை, தலை ஆகியவற்றையாவது துடைத்துவிடுங்கள். மாற்றுடை அலமாரியில் இருந்தது வேண்டும், கொடியில் காய்ந்தது வேண்டாம்.

இப்படிச் சுத்தம் செய்தவரைத் தொட அஞ்ச வேண்டியதில்லை. 1987-ல் பிரேசிலின் கொயானியாவில் கைவிடப்பட்ட சிகிச்சைக் கருவியிலிருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பரவியது. பரிசோதனைக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கதிரியக்கம் ஒட்டியிருந்தது 249 பேரிடம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையுமே மற்றவர்கள் ஒதுக்கினார்கள். அந்தக் கொடுமை இன்னொரு முறை நடக்கக் கூடாது.

உலை விபத்தானால்

இங்கே அந்த ஏழு-பத்துக் கணக்கு பொருந்தாது. உலையிலிருந்து கசியும் கதிரியக்கப் பொருள்களில் அயோடின்-131 பாதியாக 8 நாள் ஆகும், சீசியம்-137-க்கு 30 ஆண்டு. எனவே உள்ளே இருப்பதா, வெளியேறுவதா என்பதை அதிகாரிகளின் அறிவிப்பை வைத்தே முடிவு செய்யுங்கள். உள்ளே இருக்கச் சொன்னால் ஜன்னலைச் சாத்தி, வெளிக்காற்றை இழுக்கும் ஏ.சி., எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரையைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். 2022-ல் உக்ரைனின் ஸபோரிஷியா அணுமின் நிலையத்தைச் சுற்றிச் சண்டை நடந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் 55 லட்சம் மாத்திரைகள் அனுப்பியது. இந்த மாத்திரை தைராய்டு சுரப்பியை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். 12 வயதுக்கு மேல் 130 மி.கி.; 3 முதல் 12 வயது 65; ஒரு மாதம் முதல் 3 வயது 32; பிறந்த குழந்தைக்கு 16. கதிரியக்கம் வருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளோ, வந்த 2 மணி நேரத்துக்குள்ளோ சாப்பிட்டால் முழுப்பலன். 8 மணி நேரம் வரை ஓரளவு பயன். ஒரு நாள் தாண்டிச் சாப்பிட்டால் கெடுதலே அதிகமாகலாம். அறிவிப்பு வராமல் தொடாதீர்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலிடம். 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு.

உப்பு இதற்கு மாற்றாகாது. ஒரு வேளை மாத்திரையில் உள்ள 100 மி.கி. அயோடினைப் பெற அயோடின் உப்பைக் கிலோக்கணக்கில் தின்ன வேண்டும். உயிர் அதிலேயே போய்விடும். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தையும் குடிக்கக் கூடாது.

செர்னோபிலில் குழந்தைகளைத் தாக்கியது முக்கியமாகப் பால். புல்லில் படிந்த அயோடினை மாடு மேய்ந்தது, பாலில் இறங்கியது. பாலை உடனே நிறுத்தச் சொல்லி எல்லா ஊர்களுக்கும் தகவல் போகவில்லை. அங்கே அப்போது சிறுவர்களாகவும் பதின்பருவத்தினராகவும் இருந்தவர்களில் 2005-க்குள் 6,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதில் கணிசமான பங்குக்குக் காரணம் அந்த அயோடின்தான். ஆகவே அனுமதி வரும்வரை அந்தப் பகுதியில் கறந்த பாலும் பறித்த கீரையும் வேண்டாம். விபத்துக்கு முன்பே மூடி சீல் வைத்த டப்பா உணவைத் துடைத்துவிட்டுச் சாப்பிடலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கதிரியக்கம் போகாது.

எண்களைப் படிக்கும்போது

செய்தியில் எண் வந்தால் மைக்ரோவா மில்லியா, மணிக்கா மொத்தமா என்று முதலில் பாருங்கள். 1,000 மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். குறுகிய நேரத்தில் 1,000 மில்லிசீவர்ட் பட்டால்தான் வாந்தியோடு கூடிய கதிர்வீச்சு நோயை எதிர்பார்க்க வேண்டும். 'இயல்பைவிட பத்து மடங்கு' என்ற தலைப்பு மட்டும் எதையும் சொல்வதில்லை.

கையிருப்பு

தலைக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் 3 நாளுக்குத் தண்ணீர், சமைக்கத் தேவையில்லாத உணவு, பேட்டரி ரேடியோ, டார்ச், பெரிய பிளாஸ்டிக் பைகள். வீட்டில் நோயாளியோ முதியவரோ இருந்தால் அவர்களின் மருந்துச் சீட்டும் ஒரு வார மருந்தும் ஒரே பையில் இருக்கட்டும். ஃபுகுஷிமாவில் மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் அவசரமாகக் காலி செய்தபோது, மருந்தும் கவனிப்பும் இல்லாமல் பேருந்துப் பயணத்திலும் அதையொட்டியும் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அப்படிப்பட்டவரை நகர்த்தச் சொல்லி உத்தரவு வந்தால், எந்த வண்டி, யார் உடன் போவது, எங்கே இறக்குவது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் கிளப்புங்கள். அதுவரை அவர் ஜன்னல் சாத்திய உள்ளறையில், கட்டிலிலேயே இருக்கட்டும்.