பைக் மீன்: எது ட்ராஃபி, சின்னதை எப்படித் திரும்ப விடுவது

டொரண்டோவில் இருந்து சிம்கோ ஏரிப் பக்கம் தூண்டிலோடு போகும் நம் ஆட்களில், புதிதாகப் பழகுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இது பெரிய மீன்தானே?" என்பதுதான். கையில் ஒரு அறுபது சென்டிமீட்டர் நார்தர்ன் பைக் துள்ளிக்கொண்டிருக்கும். சீலா மாதிரி நீள உடம்பு, வாத்தின் அலகு மாதிரித் தட்டையான வாய், உள்ளே வரிசை வரிசையாக ஊசிப் பற்கள். முதல்முறை பிடிப்பவருக்கு அது ராட்சத மீனாகத்தான் தெரியும். ஆனால் பைக் கணக்கில் அது இன்னும் வளர வேண்டிய பிள்ளை.

பெரிய மீன் மாட்டினால் எல்லோரும் பதறிப் பதறிக் கவனமாகத்தான் விடுகிறார்கள். சின்னதை மட்டும் பலகையில் போட்டு, துணியால் அமுக்கி, தூண்டில் முள்ளைப் பிடுங்கி, தூக்கி எறிகிறார்கள். இன்று அப்படி எறியும் மீன்தான் இன்னும் சில வருடத்தில் ட்ராஃபி, அதாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெரிய மீன், ஆக வேண்டியது. அதனால் இந்த விளக்கம் முழுக்கச் சின்ன மீனை மனதில் வைத்து எழுதியது, பெரியதுக்கும் இதே முறைதான்.

ட்ராஃபி என்றால் எவ்வளவு?

உலகம் முழுக்க ஒரே அளவு கிடையாது. கனடாவில் பெரும்பாலும் 40 அங்குலம், அதாவது சுமார் 102 சென்டிமீட்டர். பெரிய மீன் பிடித்தவர்களுக்கு மனிடோபா மாகாணம் தரும் மாஸ்டர் ஆங்லர் விருதுக்கு 104 சென்டிமீட்டர் வேண்டும். ஜெர்மனி, ஸ்வீடன் பக்கம் ஒரு மீட்டரைத் தொட்டால் போதும், அதற்கென்றே ‘மீட்டர் பைக்’ என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் நீளத்தைவிட எடைதான் பேச்சு, 20 பவுண்டைத் தாண்டினால் மரியாதை. உலக சாதனையாகப் பதிவாகியிருப்பது 1986இல் ஜெர்மனியில் பிடிபட்ட 55 பவுண்டு 1 அவுன்ஸ் மீன். ஒன்டாரியோவின் சாதனை 1946ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 42 பவுண்டுக்குச் சற்று மேல்.

என்னைக் கேட்டால் ஏரியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நகரத்துக்குப் பக்கத்தில் தினமும் நூறு பேர் தூண்டில் போடும் ஏரியில் 36 அங்குலம் வந்தால் அது கொண்டாட வேண்டிய மீன்தான். வடக்கே, தண்ணீர் குளிர்ந்து வளர்ச்சி மெதுவாக இருக்கும் ஏரிகளில், 40 அங்குல மீன் பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்ததாக இருக்கும். அது அநேகமாகப் பெண் மீன், ஏனென்றால் ஆண் பைக் அந்த நீளத்துக்கு வளர்வது அரிது.

இந்தப் பெரிய பெண் மீன்களைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே வந்தால் ஏரி கெட்டுப்போகும். முட்டை குறைவது ஒரு பக்கம். பெரிய பைக் சின்னப் பைக்கையே தின்னும், அது இல்லாமல் போனால் ஒரே அளவில் ஒல்லிக் குச்சியாக மீன்கள் பெருகி, இருக்கிற இரைக்கு அடித்துக்கொண்டு, எதுவுமே வளராமல் நின்றுவிடும். அந்த மாதிரி மீனை இங்கே ‘சுத்தியல் பிடி’ என்பார்கள். ஆகவே வீட்டுக்குக் குழம்புக்கு வேண்டுமென்றால் சட்டம் அனுமதிக்கும் நடுத்தர அளவில் ஒன்றிரண்டு எடுங்கள் (சதைக்குள் ஒய் வடிவ எலும்பு முள் நிறைய இருக்கும், துண்டு போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்). மிச்சம் எல்லாம் உயிரோடு திரும்பப் போகட்டும்.

போவதற்கு முன்

ஒன்டாரியோ 20 மீன்பிடி வலயமாகப் பிரிந்திருக்கிறது, எண்ணிக்கையும் அளவும் வலயத்துக்கு வலயம் மாறும். வடக்கில் சில இடங்களில் 70 முதல் 90 சென்டிமீட்டர் வரையுள்ள பைக்கை வைத்திருக்கவே கூடாது. இங்கே குடியிருக்கும் 18 முதல் 64 வயதுக்காரர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம். அப்புறம் இன்னொன்று, நான் சொல்வது பைக் இயல்பாக வாழும் ஏரிகளுக்கு மட்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பைக் வெளியில் இருந்து வந்து மற்ற மீன்களை அழிக்கும் இனம், அங்கே பிடித்ததை உயிரோடு விடுவதுதான் தவறு. பைக்கையும், பார்க்க அதே மாதிரி இருக்கும் மஸ்கி என்ற மீனையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. கருத்த உடம்பில் வெளிறிய புள்ளி என்றால் பைக், வெளிறிய உடம்பில் கருத்த கோடோ புள்ளியோ என்றால் மஸ்கி. மஸ்கிக்குச் சட்டம் வேறு.

படி 1: முள்ளை வீட்டிலேயே தயார் செய்யுங்கள்

தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, எதிர்ப்பக்கம் பார்த்தபடி ஒரு சின்னக் கூர் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பார்ப். அதைக் குறட்டால் மெல்ல அமுக்கித் தட்டையாக்குங்கள். சரியாக அமுங்கியதா என்று பார்க்க ஒரு பழைய பருத்தித் துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். நூல் ஒன்றுகூடச் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், சிக்கினால் இன்னொரு தடவை அமுக்குங்கள். மனிடோபாவில் பார்ப் இல்லாத முள்தான் சட்டம். ஒன்டாரியோவில் பொதுவாக அந்தக் கட்டாயம் இல்லை, இருந்தாலும் நான் எல்லா முள்ளையும் அமுக்கிவிடுகிறேன். மீன் தப்பிவிடும் என்று பயப்படாதீர்கள், தூண்டில் நரம்பைத் தளர விடாமல் இழுத்தால் தப்பாது.

முள்ளுக்கு மேலே கம்பி லீடர், அதாவது முள்ளுக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பித் துண்டு, கண்டிப்பாகப் போடுங்கள். லீடர் இல்லாவிட்டால் அந்தப் பல் நரம்பை அறுத்துவிடும், மீன் வாயில் முள்ளோடு போய்விடும். கூடவே நீள மூக்குக் குறடு, முள்ளை வெட்டும் கட்டர், ரப்பர் பூசிய பெரிய வலை, அளவு நாடா.

படி 2: சீக்கிரம் கொண்டுவாருங்கள்

மீனைக் களைக்க வைத்து இழுப்பது பெருமை இல்லை, களைத்த மீன் பிழைப்பது கஷ்டம். கொஞ்சம் பலமான கோலும் நரம்பும் வைத்துக்கொண்டு நேராக வலைக்குக் கொண்டுவாருங்கள். வலைக்குள் வந்ததும் வலையைத் தூக்காதீர்கள், மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். இனிச் செய்யும் வேலை முக்கால்வாசியும் அங்கேயேதான்.

படி 3: பிடிப்பதும் முள்ளைக் கழட்டுவதும்

கையை நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். செவுள் மூடியின் கீழ் ஓரத்தில், இரண்டு பக்கத் தாடையும் சேரும் இடத்தை நோக்கி விரல்களை மூடியின் உள்சுவரை ஒட்டியே முன்னுக்கு நகர்த்துங்கள். உள்ளே சிவப்பாகச் சீப்பு மாதிரித் தெரிவதுதான் செவுள், அதை விரல் தொடவே கூடாது. தாடை எலும்பு விரலில் தட்டியதும் மெல்லத் தூக்கினால் வாய் தானாகத் திறக்கும். அப்போது குறட்டால் முள்ளின் தண்டைப் பிடித்து, வந்த வழியே திருப்பி எடுங்கள். கண்ணுக்குள் விரல் வைத்துத் தூக்கும் பழைய பழக்கத்தை யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டாம்.

முள் தொண்டைக்குள் ஆழமாக இருந்தால் பிடுங்காதீர்கள். கட்டரால் தெரிகிற அளவு முள்ளை வெட்டி விடுங்கள். பத்து டாலர் முள் போனால் போகட்டும்.

படி 4: அளப்பதும் படமும்

வாயை மூடி, வால் மடல்களைச் சேர்த்துப் பிடித்து, மூக்கு நுனியில் இருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். எடை தெரிய வேண்டுமானால் தராசில் தொங்கவிட வேண்டாம். பருத்த இடத்தின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800ஆல் வகுத்தால் ஏறக்குறைய பவுண்டு கிடைக்கும். 40 அங்குல நீளமும் 18 அங்குலச் சுற்றளவும் என்றால் 16 பவுண்டுக்குச் சற்று மேல்.

படத்துக்கு ஒரு கை தாடையில், மறுகை வயிற்றுக்குக் கீழே, மீன் படுக்கையாக இருக்க வேண்டும். தூக்கும்போது உங்கள் மூச்சையும் அடக்குங்கள், உங்களுக்கு முட்டும்போது மீனுக்கும் முட்டும்.

என் முதல் பைக் 58 சென்டிமீட்டர். வெயிலில் காய்ந்த பலகை மேல் போட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி ஏழெட்டுப் படம் எடுத்தேன். விட்டபோது வயிறு மேலே பார்த்தபடி மிதந்து மிதந்து போனது. பக்கத்தில் நின்ற ஒரு அண்ணர், "தம்பி, தண்ணிக்குள்ளேயே வச்சுக் கழட்டியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அந்த வெள்ளை வயிறு இன்னும் கண்ணில் நிற்கிறது.

படி 5: விடுவது

எறியாதீர்கள். ஒரு கை வால் அடியில், மறுகை வயிற்றுக்குக் கீழே வைத்துத் தண்ணீருக்குள் நேராக நிறுத்திப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டத் தேவையில்லை, செவுள் மூடி தானாகத் திறந்து மூடத் தொடங்கும். கையை உதறிக்கொண்டு போகிற பலம் வரும்வரை காத்திருங்கள், சில நேரம் ஐந்து நிமிடம்கூட ஆகும். செவுளில் இருந்து இரத்தம் நிற்காமல் வந்தால், சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய அளவு என்றால் அதைச் சமையலுக்கு எடுங்கள், இன்னொன்றைப் பிடிக்காமல் அன்றைய கணக்கை அதோடு முடியுங்கள்.

பைக்குக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் ஒத்துவரும். மேற்பரப்பு 22 டிகிரியைத் தாண்டும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் விடியற்காலையில் மட்டும் போங்கள், கடும் வெயில் வாரமென்றால் வேறு மீனைத் தேடுங்கள். பனிக்காலத்தில், உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடிக்கும்போது, ஆபத்து வேறு மாதிரி: மைனஸ் பதினைந்தில் மீனைப் பனி மேல் கிடத்தினால் கண்ணும் செவுளும் உறைந்துவிடும். தலை துளைக்கு வந்ததும் அங்கேயே முள்ளைக் கழட்டி, அப்படியே கீழே போக விடுங்கள்.