ஆஸ்துமா சாம்பிள்ல மைக்ரோஆர்என்ஏ அளக்கப் போறீங்களா, முதல்ல பிளாஸ்மாவோட கலரைப் பாருங்க

ஆஸ்துமா பயோமார்க்கர் (நோயக் காட்டிக் குடுக்குற அடையாளம்) தேடுறேன்னு ப்ராஜெக்ட் எடுத்துட்டு வர்றவங்க பாதிப் பேரு எடுத்த எடுப்புல எந்த பிசிஆர் (மரபுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கி அளக்குற முறை) கிட் வாங்கலாம்னுதான் கேப்பாங்க. கிட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இந்த வேலை கெடுறது பெரும்பாலும் ரத்தம் எடுத்த முதல் ரெண்டு மணி நேரத்துலதான்.

மைக்ரோஆர்என்ஏன்னா சுமார் 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ, அதுல இருந்து புரோட்டீன் எதுவும் வராது, ஆனா புரோட்டீன் செய்யச் சொல்ற எம்ஆர்என்ஏவப் புடிச்சு அடக்கி வைக்கும். ஆஸ்துமால அடிக்கடி பேர் அடிபடுறது மிர்-21, மிர்-155, மிர்-146ஏ (மிர்னா மைக்ரோஆர்என்ஏவோட சுருக்கம்). இதுல மிர்-21 ஐஎல்-12ங்கிற நோயெதிர்ப்பு சிக்னல் புரோட்டீன அடக்கும், ஐஎல்-12 குறைஞ்சா டிஎச்2 (அலர்ஜியத் தூண்டுற வெள்ளையணு வகை) பக்கம் கை ஓங்கிடும், அலர்ஜி வீக்கம் அங்கதான் சூடு புடிக்குது. ஆனா அதே மிர்-21 கேன்சர்லயும் ஏறும், அதனால அது ஒண்ண மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க, நாலஞ்சு சேத்துப் பாருங்க.

ரத்தத்த ஈடிடிஏ டியூப்ல (உறையாம வைக்கிற மருந்து போட்டது) எடுங்க. அதே வேலை செய்ற ஹெப்பரின் வேணாம், அது பிசிஆர் ரியாக்‌ஷனையே முடக்கிடும். சீக்கிரம் பிளாஸ்மா (ரத்த அணுக்கள் போக மிஞ்சுற திரவம்) பிரிச்சு சென்ட்ரிஃபியூஜ்ல ரெண்டு தடவ சுத்துங்க, ரெண்டாவது தடவ இன்னும் வேகமா, ஏன்னா பிளேட்லெட்டுக்குள்ளயும் மைக்ரோஆர்என்ஏ நிறைய இருக்கு, அது மிச்சம் இருந்தா நீங்க அளக்குறது பிளாஸ்மாவே இல்ல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு மைனஸ் 80ல வைங்க.

இப்ப கலர். பிளாஸ்மா வைக்கோல் மஞ்சளா இருக்கணும், லேசா ரோஸ் அடிச்சாலே சிவப்பணு உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். மிர்-451ஏ, மிர்-16 ரெண்டும் சிவப்பணுல கொட்டிக் கிடக்கு. நான் ஒரு தடவ ஆஸ்துமா குரூப்ல மிர்-451ஏ எகிறிருச்சுன்னு ரெண்டு நாள் குதிச்சேன், அப்புறம் டியூப எல்லாம் வெளிச்சத்துல வரிசையா வச்சுப் பாத்தா அந்தப் பக்கம் மட்டும் ரோஸ், மூச்சு வாங்கிட்டு வந்தவங்ககிட்ட நரம்பு கிடைக்காம மெல்லிசு ஊசில இழுத்து எடுத்துருக்காங்க. கண்ணுக்குத் தெரியாத அளவும் இருக்கும், அதனால 414 நானோமீட்டர்ல ரீடிங் எடுங்க (ஹீமோகுளோபின் அங்கதான் மாட்டும்), கூடவே மிர்-23ஏ சிடி வேல்யூல (பிசிஆர்ல எத்தனாவது சுத்துல சிக்னல் தெரியுதுங்கிற எண், சரக்கு நிறைய இருந்தா எண் குறையும்) இருந்து மிர்-451ஏ சிடிய கழிச்சுப் பாருங்க. 5க்குக் கீழ வந்தா நிம்மதி, 7ஐத் தாண்டினா அந்த சாம்பிள ஓரமா வைங்க.

ஆர்என்ஏ பிரிக்கும்போது செல்-மிர்-39 ஸ்பைக்-இன் (வெளியில இருந்து அளந்து சேக்குறது) போட மறக்காதீங்க. அது சி. எலிகன்ஸ்ங்கிற புழுவோடது, நம்ம உடம்புல கிடையாது, அதனால எவ்வளவு போட்டோமோ அதுல எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு கணக்கு புடிக்கலாம். 1993ல முதல் மைக்ரோஆர்என்ஏ கிடைச்சதும் அதே புழுலதான், அதுக்குத்தான் விஞ்ஞானிங்க ஆம்ப்ரோஸுக்கும் ருவ்கனுக்கும் 2024ல நோபல் குடுத்தாங்க. ஆனா ஸ்பைக்-இன் பிரிச்செடுத்த கணக்கத்தான் சரி பண்ணும், ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்துக்கு உங்க சாம்பிள்லயே ஆடாம நிக்குற ரெண்டு மூணு மிர் தேடிக்கணும். மிர்-16ஐ ரெஃபரன்ஸா வைக்காதீங்க, காரணம் மேலயே சொல்லிட்டேன்.

சிடில 1 குறைஞ்சா ரெண்டு மடங்கு கூடியிருக்குன்னு கணக்கு. 700 மிர் அளந்து பி வேல்யூ 0.05னு வச்சா ஒண்ணுமே இல்லாட்டியும் 35 தற்செயலா தேறும், அதனால எஃப்டிஆர் (தேறுனதுல எத்தன பங்கு பொய்யா இருக்கலாம்னு கட்டுப்படுத்துற கணக்கு) போடுங்க, அப்புறம் வேற ஆளுங்க சாம்பிள்லயும் அதே வருதான்னு பாருங்க. யாரு ஸ்டீராய்டு எடுக்குறாங்க, கடைசியா எப்ப எடுத்தாங்கன்னு ரத்தம் எடுக்குற அன்னைக்கே எழுதிக்கோங்க, இல்லேன்னா நோயையும் மருந்தையும் பிரிச்சுச் சொல்லவே முடியாது. அதே ஆளுக்கு ஈசினோஃபில் (அலர்ஜில கூடுற வெள்ளையணு) கவுண்ட்டும் மூச்சுல நைட்ரிக் ஆக்ஸைடும் அதே நாள்ல எடுத்துடுங்க, இந்த ரெண்டும் சொல்லாதத உங்க மிர் சொல்லுதான்னுதான் டாக்டருங்க முதல்ல கேப்பாங்க.