ஆரி பழகுகிறீர்களா? முதலில் இடது கையைப் பழக்குங்கள்

ஆரி என்பது நுனியில் கொக்கி உள்ள ஊசியால் துணியில் சங்கிலித் தையல் போடும் பூவேலை. தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தையல் கடைகளில் ஆரி ரவிக்கைக்குத்தான் கேட்பு அதிகம். அதைப் பார்த்து ஆசைப்பட்டு என்னிடம் பழக வருகிறவர்கள் பட்டுத்துணியோடுதான் வருகிறார்கள். அதை பீரோவிலேயே வையுங்கள். மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு மீட்டர் வெள்ளைக் காட்டன், எடுப்பான நிறத்தில் பட்டுநூல், மரப்பிடி போட்ட ஆரி ஊசி, ஸ்டாண்டோடு வரும் வட்டச் சட்டம் வாங்கினால் போதும். பாசி, சமிக்கி எல்லாம் அப்புறம். ஸ்டாண்ட் மட்டும் கட்டாயம் வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

துணியைச் சட்டத்தில் மாட்டி விரலால் சுண்டுங்கள். மேளம் மாதிரி விண்ணென்று இருக்க வேண்டும். தொய்ந்த துணியில் யாருக்குமே ஆரி வராது.

ஊசி மேலே, வலது கையில். நூல் துணிக்கு அடியில், இடது கையில். புதிதாக வருகிறவர்களுக்குக் கவனமெல்லாம் ஊசி மேலேயே இருக்கும். தையல் நிற்பதும் கெடுவதும் அடியில் இருக்கிற கையால்தான். ஊசி இறங்கியதும் இடது கை கொக்கியில் நூலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். வலது கை ஊசியை அரைவட்டம் திருப்பி, கொக்கியின் முதுகுப்பக்கம் துணியை லேசாக உரசும்படி மேலே எடுக்க வேண்டும். நூல் கண்ணியாக மேலே வரும். அந்தக் கண்ணிக்குள் நின்றபடியே அடுத்த குத்து. திருப்பாமல் எடுத்தால் கொக்கி துணியின் இழையைக் கவ்விக்கொள்ளும். வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஊசியைக் கீழே இறக்கி, திருப்பி, மறுபடி எடுங்கள். கொக்கியின் வாய் எந்தப் பக்கம் என்று தெரிய, பிடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சி மக்களின் கொக்கி ஊசியிலிருந்து வந்தது இந்த ஆரி வேலை. தோலையே துளைத்த ஊசிக்குத் துணியில் அழுத்தமே தேவையில்லை. எனக்கு அந்த மக்கள் மேல் பெரிய மரியாதை.

பென்சிலால் நேர்கோடு போட்டு, கண்ணிகள் ஒரே அளவில் விழும்வரை அதையே தையுங்கள். அப்புறம் வளைவு. வளைவில் கண்ணியைச் சின்னதாக்க வேண்டும், இல்லாவிட்டால் மாங்காய் வடிவம் கோணல்மாணலாகப் போய்விடும். வரி முடியும்போது கடைசிக் கண்ணியைத் தாண்டி ஒரு குட்டிக் குத்துப் போட்டு, நூல் நுனியை அதற்குள் இழுத்து இறுக்கிப் பூட்டுங்கள். பூட்டாத சங்கிலித் தையல் நுனியை இழுத்தாலே சரசரவென்று மொத்தமும் பிரிந்துவிடும்.

இது கைக்கு வந்தபிறகு பட்டுத்துணியை எடுக்கலாம். முதலில் ரவிக்கையின் கை ஓரத்துக்கு மட்டும் ஒரு பட்டி போடுங்கள். ரவிக்கையை வெட்டுவதற்கு முன்பே, அளவு குறித்த முழுத்துணியைச் சட்டத்தில் மாட்டித் தைக்க வேண்டும். வெட்டிய துண்டு சட்டத்தில் நிற்காது.