ட்ரெமலோ பிரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? மரத்தைக் குடையும் முன் ஒரு நிமிஷம்

போன மாதம் ஒரு தம்பி தன் கிட்டாரைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக் கிட்டார். உடல்மேல் கம்பிகளைத் தாங்கியிருந்த பிரிட்ஜைக் கழற்றிவிட்டு, ஆன்லைனில் வாங்கிய, கம்பியை இரண்டு முனையிலும் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜைப் பொருத்துவதற்காகத் தெரிந்த தச்சர் ஒருவரிடம் கொடுத்து உடலைக் குடைந்திருக்கிறான். பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு தூண்களில் ஒன்று பள்ளத்தின் விளிம்பை ஒட்டி நின்றது. இடையில் மிஞ்சிய மரம் தீக்குச்சி அகலம்கூட இருக்காது. கம்பிகளை ஏற்றி முறுக்கியதும் அந்த இழுவை தாங்காமல் மரம் பிளந்து, தூண் கழுத்துப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

“அண்ணா, சரி பண்ண முடியுமா?”

“முதல்ல நீ என்ன வாசிப்பேன்னு சொல்லு” என்றேன்.

மெல்லிசைக் குழுவில் கார்ட்ஸ் வாசிக்கிறானாம், இடையிடையே சின்ன லீட். வாமி பாரை, அதாவது பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் கைப்பிடியைத் தொடுவது, பாட்டு முடியும்போது கடைசி கார்டை லேசாக அலைய விடுவதற்கு மட்டும்தான். அந்த வேலையை அவன் கழற்றிப் போட்ட பழைய பிரிட்ஜே அழகாகச் செய்திருக்கும்.

“எது பெஸ்ட் பிரிட்ஜ்?” என்று கேட்டுக்கொண்டு கடைக்குப் போவதில்தான் இந்தச் செலவெல்லாம் ஆரம்பிக்கிறது. என் கை அந்தப் பாரை என்ன செய்கிறது, எத்தனை தடவை செய்கிறது என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

தராசை மறப்பது

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. ட்ரெமலோ என்றால் ஒலியின் அளவு ஏறி இறங்குவது. சுருதி ஏறி இறங்குவது வைப்ராட்டோ. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது லியோ ஃபெண்டர் தன் சுருதி மாற்றும் பிரிட்ஜுக்கு ட்ரெமலோ என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. பெயர் எப்படியும் போகட்டும், அது வேலை செய்யும் விதம் மட்டும் மனதில் பதிய வேண்டும்.

ஸ்ட்ராட், ஃப்ளாய்ட் ரோஸ் இரண்டுமே தராசுதான். முன்பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன. உடலுக்குப் பின்னால் உள்ள குழியில் ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்கின்றன. 09-42 கம்பிகளை (மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042 அங்குலம்) வழக்கமான சுருதியில் ஏற்றினால் மொத்த இழுவை ஏறக்குறைய 38 கிலோ. 10-46 போட்டால் 46 கிலோவைத் தாண்டும். கம்பியின் கனத்தை ஒரு படி ஏற்றியதும் பிரிட்ஜ் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். பழுது எதுவும் இல்லை, தராசில் ஒரு தட்டின் எடை கூடியிருக்கிறது. பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கொஞ்சம் முறுக்கினால், அல்லது ஒரு ஸ்பிரிங் கூட்டினால் சரியாகிவிடும்.

பிரிட்ஜை மேலும் கீழும் அசையும்படி மிதக்க வைத்தால் தராசின் எல்லாக் குணங்களும் உங்களுக்குச் சேர்ந்தே வரும். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறும். கீழ் ஈ கம்பியை டி வரை இறக்கி ‘ட்ராப் டி’ ட்யூனிங் வைத்தால் மற்றவை ஏறும், திரும்பவும் ஆறையும் ட்யூன் செய்ய வேண்டும். ஒரு கம்பியை வளைத்தால் மற்ற கம்பிகள் இறங்கும். நம் ஊரில் கிட்டாரில் கமகம் வாசிப்பவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு கம்பியை ஆதார ஷட்ஜமாக மீட்டிவிட்டு அடுத்த கம்பியை வளைத்தால், மிதக்கும் பிரிட்ஜில் அந்த ஷட்ஜமே கீழே நழுவும். காது கூர்மையாக இருப்பவர்களுக்கு அதைத் தாங்கவே முடியாது.

இப்படி வாசிப்பவர்களும், பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாற்றுபவர்களும் பிரிட்ஜை மாற்றவே தேவையில்லை. ஸ்பிரிங்கை முறுக்கி, பிரிட்ஜ் உடல்மேல் படிந்து உட்காரும்படி செய்தால் போதும். சுருதியைக் கீழே இறக்க முடியும், மேலே ஏற்ற முடியாது. கம்பி அறுந்தாலும் மற்றவை அசையாது.

ஹீரோவைப் பார்த்து வாங்குவது

ராக் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலன் வாசித்ததால் ஃப்ளாய்ட் ரோஸ் வேண்டும் என்பார்கள். வாங்கியதும் முதல் வேலையாக அதை மிதக்க விடுவார்கள். வான் ஹேலனோ அதை உடல்மேல் படிய வைத்துக் கீழே மட்டும் இறக்கியவர். ஜெஃப் பெக் இதற்கு நேர் எதிர். நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள துண்டில், பூட்டு எதுவும் இல்லாத ஸ்ட்ராட்டை மிதக்க விட்டு, பாரிலேயே பாட்டின் மெட்டைப் பாட வைத்தார். எரிக் கிளாப்டன் அதே ஸ்ட்ராட் பிரிட்ஜின் பின்னால் மரக்கட்டையைச் செருகி அசையவே விடாமல் செய்துவிட்டார். மூன்று பேரும் பிரிட்ஜைத் தன் கைக்குப் பணிய வைத்தவர்கள். அவர்களுடைய பிரிட்ஜின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு செட்டப்பை விட்டுவிட்டால் பாதிகூடக் கிடைக்காது.

நட்டின் குற்றத்தைப் பிரிட்ஜின் தலையில் போடுவது

என்னிடம் வருகிற பத்துப் புகாரில் பெரும்பாலானவை இதுதான்: “பாரை அமுக்கினால் ட்யூனிங் போய்விடுகிறது, நல்ல பிரிட்ஜாகச் சொல்லுங்கள்.” பிரிட்ஜைத் தொடும் முன் நான் நட்டைத்தான் பார்ப்பேன்.

நீங்களே சோதிக்கலாம். அமைதியான அறையில் உட்கார்ந்து ஜி கம்பியை மெதுவாக ட்யூன் செய்யுங்கள். சாவியைத் திருப்பும்போது சுருதி சீராக ஏறாமல், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு ‘டிக்’ என்ற சத்தத்தோடு தாவுகிறதா? கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு, பிறகு விடுபடுகிறது. அடுத்து, சரியாக ட்யூன் செய்துவிட்டுப் பாரை நன்றாக அமுக்கி விடுங்கள். கம்பி கூர்ந்து, அதாவது சுருதி ஏறித் திரும்பினால் மறுபடி நட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். அமுக்கும்போது தளர்ந்த கம்பியில் கொஞ்சம் ட்யூனர் பக்கம் நழுவிப் போகிறது. பாரை விட்டதும் திரும்பி வர முடியாமல் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிறது. கம்பியை வளைத்து வாசித்த பிறகு சுருதி இறங்கி நின்றாலும் காரணம் அதுவேதான், திசை மட்டும் மாறுகிறது.

மருந்து மலிவு. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துக் கரியைப் படிய விடுங்கள். அதில் தீராவிட்டால் பள்ளத்தை அளவாக அராவிக் கொடுக்க நல்ல கைக்காரரைப் பாருங்கள். ட்யூனரில் கம்பியை ஏழெட்டுச் சுற்று சுற்றி வைத்திருந்தால் இரண்டு மூன்றாகக் குறையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் நிற்கவில்லை என்றால் பிரிட்ஜுக்கு வாருங்கள்.

அப்போதும், உடலில் ஆறு ஸ்க்ரூவில் நிற்கும் ‘ஆறு ஸ்க்ரூ’ பிரிட்ஜாக இருந்தால் முதலில் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஆறையும் இறுக்கி அடித்துவிட்டால் தகடு சாய முடியாமல் உரசும், ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் போய் நிற்கும். ஓரத்து இரண்டையும் தகட்டை லேசாகத் தொடும் அளவில் வைத்து, நடு நான்கையும் ஒரு மயிரிழை உயர்த்தி விடுவது பலரும் கையாளும் வழி. எனக்கு இது ஏமாற்றியதே இல்லை.

மலிவான இரட்டைப் பூட்டு

ஃப்ளாய்ட் ரோஸ் என்பவர் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய அமைப்பு, கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் இரண்டு பக்கமும் பூட்டி உராய்வையே ஒழித்துவிடுகிறது. அருமையான யோசனை. கம்பி தொங்கித் தொளதொளக்கும் வரை பாரை அமுக்குபவர்களுக்கு இதைவிட நம்பகமானது இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் முழுப் பாரமும் தகட்டின் இரண்டு கத்தி முனைகளில் நிற்கிறது. நல்ல உருக்கில் செய்தால் வருஷக்கணக்கில் தாங்கும். மலிவான கிட்டார்களில் வரும் நகல்களில் அந்த முனை மென்மையான கலப்பு உலோகம். சில மாதங்களிலேயே மழுங்கும். மழுங்கிய முனை ஒரே இடத்துக்குத் திரும்பாது, அதற்கு எந்தச் செட்டப்பும் மருந்தாகாது. கையில் இருக்கும் பணத்துக்கு மலிவான இரட்டைப் பூட்டும் தரமான ஆறு ஸ்க்ரூவும் கிடைக்கும் என்றால், தயங்காமல் ஆறு ஸ்க்ரூவை எடுங்கள்.

நல்லதை வாங்கியவர்களும் அதைக் கெடுக்கிறார்கள். கம்பிகள் முழு இழுவையில் இருக்கும்போதே தூண்களைத் திருகி உயரத்தை மாற்றினால் கத்தி முனை தூணில் அரைபடும். கம்பியைத் தளர்த்திவிட்டுத் திருகுங்கள். புதுக் கம்பியை நன்றாக இழுத்துப் பழக்காமல் நட்டைப் பூட்டாதீர்கள். பூட்டும் முன் பிரிட்ஜில் உள்ள ஃபைன் ட்யூனர்களைப் பாதி தூரத்தில் வையுங்கள், பிறகு ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கும்.

அளக்காமல் ஆர்டர் செய்வது

“ஸ்ட்ராட்டுக்கு ஏற்றது” என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜில் முதல் ஸ்க்ரூவின் மையத்திலிருந்து ஆறாவதன் மையம் வரை பழைய ஃபெண்டர் அளவு சுமார் 56.4 மில்லிமீட்டர்; இன்னொரு அளவு 52.4. நான்கு மில்லிமீட்டர்தானே என்று வாங்கினால் ஒரு ஓட்டைகூடப் பொருந்தாது. இரண்டு தூண் வகையில் ஃபெண்டருடையது தூண்களுக்கு இடையே சுமார் 56, ஃப்ளாய்ட் ரோஸ் சுமார் 74. ஒன்றைக் கழற்றி மற்றதைப் போட வேண்டுமென்றால் மரத்தில் வேலை செய்தே ஆக வேண்டும். பூட்டும் நட்டுக்காகக் கழுத்திலும் மரத்தைச் செதுக்க வேண்டியிருக்கும், செதுக்கியதை ஒட்டிப் பழையபடி ஆக்குவது லேசில்லை. உடலின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராட் உடல் சுமார் 45 மில்லிமீட்டர். மலிவான கிட்டார்களில் அதைவிட மெல்லிய உடல் உண்டு. அதில் பிரிட்ஜின் அடியில் இருக்கும் முழு நீள உலோகக் கட்டையை இறக்கினால் முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

பிக்ஸ்பியும் ஜாஸ்மாஸ்டரும்

பிக்ஸ்பி என்ற வைப்ராட்டோ அமைப்பிடம் அதனால் ஆகாததைக் கேட்காதீர்கள். கிட்டாரிஸ்ட் மெர்ல் ட்ராவிஸின் கிட்டாரில் இருந்த வேறொரு வைப்ராட்டோ தகராறு செய்யப்போய்ப் பால் பிக்ஸ்பி செய்து கொடுத்தது இது. கார்டை மெல்ல நடுங்க வைப்பதற்கென்றே பிறந்தது, சுருதியை வெகுதூரம் இறக்காது. லெஸ் பால் வகை கிட்டாரில் பொருத்தினால், பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சேணங்களில் கம்பி முன்னும் பின்னும் நகரும், அங்கே உராய்வு இருந்தால் ட்யூனிங் போகும். ரோலர் சேணம் போடுவது நல்லது. கம்பி மாற்றும்போது குண்டு முனையைக் கீழே இருக்கும் ஆணியில் மாட்டுவதற்குள் அது நாலு தடவை கழன்று விழும். முனைக்குப் பக்கத்தில் கம்பியைப் பேனாவின் மேல் வைத்து வளைத்துவிட்டு மாட்டுங்கள், நிற்கும்.

1958இல் வந்த ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரின் பிரிட்ஜைத் திட்டாதவர் இல்லை: கம்பி தாவுகிறது, இரைகிறது என்று. அந்தக் காலத்துத் தடித்த கம்பிகளை மனதில் வைத்துச் செய்த பிரிட்ஜ் அது. 09 போட்டால் சேணத்தை அழுத்தும் பாரமே போதாது. 11 போடுங்கள், கழுத்தின் அடியில் மெல்லிய தகடு வைத்துக் கோணத்தைக் கூட்டுங்கள், இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். அதில் ஒரு பூட்டுப் பொத்தானும் உண்டு, ஒழுங்காகச் சரிசெய்து வைத்தால் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை சுருதியில் நிற்கும். வைத்திருப்பவர்களே பலர் அதைத் தொட்டதில்லை.

கடையில் நிற்கும்போது

ட்யூனரை மாட்டி ஆறு கம்பியையும் சரிசெய்யுங்கள். உங்கள் பாட்டில் பாரை எப்படி அசைப்பீர்களோ அப்படியே பத்துத் தடவை அசையுங்கள், கடைக்காரர் காட்டுவது போல அல்ல. பிறகு எதையும் திருகாமல் ஒவ்வொரு கம்பியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் விலகியிருந்தால் நட்டைச் சந்தேகப்படுங்கள், அது சின்னச் செலவு. ஆறும் ஒரே பக்கம் விலகியிருந்தால் பிரிட்ஜ் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. கத்தி முனையை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊர் என்றால் துருவையும் பாருங்கள், முக்கியமாக ஆலன் கீ நுழையும் சின்ன ஸ்க்ரூக்களின் தலையை. அவை துருப்பிடித்து மழுங்கினால் ஒரு கம்பி மாற்றவே அரை நாள் ஆகும்.

அந்தத் தம்பியின் கிட்டாரில் பிளந்த இடத்தில் தேக்குக் கட்டை வைத்து ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டுப் புதிதாக ஓட்டை போட்டோம். பழைய ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜை அவன் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.