ஜப்பான் செல்லும் நிறுவனத் தலைவருக்கான பாதுகாப்பு ஏற்பாடு

குற்றங்கள் குறைந்த ஜப்பானுக்கு நிறுவனத் தலைவர் ஒருவரை அனுப்பும்போது, மெய்க்காப்பாளர்களைத் திரட்டுவதைவிட, பயணத் திட்டத்தை அறிந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே முதல் வேலையாகும். அங்கு தனியார் பாதுகாவலர்கள் துப்பாக்கி ஏந்த முடியாது. 1972ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சேவைச் சட்டமும் அவர்களுக்குச் சிறப்பு அதிகாரம் எதையும் வழங்கவில்லை. ஆகவே, ஜப்பானிய மொழியும் நகரின் வழிகளும் நன்கறிந்த ஓட்டுநர் ஒருவரை அமர்த்துவதே, என் கருத்தில், கூடுதல் பயன் தரும்.

நிலநடுக்கம் நேர்ந்தால் எங்கே கூடுவது, கைப்பேசி இணைப்பு அற்றுப்போனால் எவ்வாறு தொடர்புகொள்வது, விடுதியின் அவசர வழிகள் எங்கே உள்ளன என்பவற்றை ஒருவர் முன்னதாகவே நேரில் சென்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். மருந்துப் பையையும் சோதியுங்கள்: ஆம்ஃபெட்டமின் என்னும் ஊக்கப்பொருள் கலந்த மருந்துகளை, மருத்துவரின் சீட்டு இருந்தாலும், அந்நாட்டிற்குள் கொண்டுசெல்லக் கூடாது. பலரும் கவனிக்கத் தவறும் இந்த விதி கைதுவரை கொண்டுபோய்விடும். கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். காவல்துறையை 110 என்ற எண்ணிலும், தீயணைப்புத் துறையையும் ஆம்புலன்ஸையும் 119 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மடிக்கணினியில் அந்தச் சந்திப்புக்குத் தேவையான கோப்புகள் மட்டும் இருக்கட்டும். ஷிங்கன்சென் அதிவேக ரயிலிலும் விடுதியின் வரவேற்புக் கூடத்திலும் ஒப்பந்த விவரங்களைப் பேசவேண்டாம் எனத் தலைவரிடம் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.