கெர்னல் மெமரி ரேஸ்: சரிசெய்யப் போய்ச் சறுக்கும் இடங்கள்

லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மைய நிரல்) மெமரி பகுதியில் ஒரு ரேஸ் கண்டிஷனை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் வரிசை மாறினால் வரும் பிழையை, கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய நிம்மதி வரும். தொல்லை அதற்கு அப்புறம்தான். சரிசெய்ய எழுதிய பேட்ச்சே அடுத்த ஓட்டைக்கு வழிவிட்டது பலமுறை நடந்திருக்கிறது. பெயர்போன உதாரணம் டர்ட்டி கவ், பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் சிவிஇ-2016-5195. 2005-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு ஒரு திருத்தம் போட்டார். ஐபிஎம்மின் எஸ்390 இயந்திரங்களில் அது சிக்கல் தந்ததால் விலக்கப்பட்டது. 2016 அக்டோபரில் மறுபடி சரிசெய்தார்கள். அப்படியும் 2017-லும் 2022-லும் அதன் உறவுக்காரர்கள் வேறு வாசல் வழியாக வந்து நின்றார்கள்.

நடந்தது இதுதான். நமக்குப் படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கோப்பை பிரைவேட் மேப்பிங்காக எம்மேப் செய்கிறோம், அதாவது நம் மெமரி முகவரிகளில் நமக்கு மட்டும் தெரியும்படி பொருத்துகிறோம். அதில் எழுத வேண்டி வந்தால் கெர்னல் அந்தப் பேஜை (மெமரியின் ஒரு துண்டு) நகலெடுத்து, நகலில்தான் எழுதும். காப்பி-ஆன்-ரைட் என்பது அதுதான். ஒரு த்ரெட் (புராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை), புராசஸ்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறைமை வழியாகத் தன் சொந்த மெமரியில் எழுதுகிறது. பிழைதேடும் கருவிகளான டீபக்கர்களுக்கு உதவும் அந்த வழியில் வந்தால், மேப்பிங்கில் எழுதும் அனுமதி இல்லாவிட்டாலும் கெர்னல் நகலெடுத்து எழுதித் தரும். நகல் தயாரானதும், 'எழுத வந்திருக்கிறேன்' என்ற கொடியைக் கெர்னல் இறக்கிவிட்டு, படிக்க வந்தவன் மாதிரி மறுபடி பேஜைத் தேடியது. நகலின் பேஜ் டேபிள் என்ட்ரியில் (எந்த முகவரி எந்தப் பேஜுக்குப் போகிறது என்ற பதிவு) எழுதும் அனுமதி கிடையாது. கொடியோடு தேடினால் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு.

இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே இன்னொரு த்ரெட் எம்அட்வைஸ் என்ற கெர்னல் அழைப்பு மூலம் 'இந்தப் பேஜ் வேண்டாம்' என்று சொன்னால் நகல் போய்விடும். மறுபடி தேடும்போது கிடைப்பது பேஜ் கேஷில், அதாவது கோப்புகளின் பேஜ்களைக் கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் இடத்தில், இருக்கும் அசல். கொடி இறங்கிவிட்டதால் கெர்னலுக்குச் சந்தேகமே வராது. எழுத்து அசலின் மேல் விழும், அது நிர்வாகியான ரூட்டுக்குச் சொந்தமான கோப்பாக இருந்தாலும்.

2016 பேட்ச் கொடியை இறக்குவதை நிறுத்தியது. அதற்குப் பதில் 'நகலெடுத்தாயிற்று' என்று தனியாக ஒரு கொடி, அதோடு என்ட்ரியில், பேஜில் எழுதப்பட்டிருக்கிறது என்று குறிக்கும் டர்ட்டி பிட் இருக்கிறதா என்ற சோதனை. டர்ட்டி பிட் இருந்தால் அது நம் நகல்தான் என்பது கணக்கு. பஸ் சீட்டில் துண்டு கிடக்கிறது, அப்படியானால் அது நான் போட்ட துண்டுதான் என்று நம்புவது மாதிரி. சாதாரணப் பேஜ்களில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. அதே சோதனையை ஹ்யூஜ் பேஜ்களுக்கும் (அளவில் பெரிய பேஜ்கள்) நீட்டியபோதுதான் சிக்கியது. அங்கே, படிக்க மட்டும் வந்தாலும் டர்ட்டி பிட்டைப் போட்டுவிடும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. விளைவு, எல்லாப் புராசஸ்களும் பகிர்ந்துகொள்ளும், பூஜ்யங்கள் மட்டுமே உள்ள ஹ்யூஜ் ஜீரோ பேஜில் எழுத முடிந்தது. 2017 இறுதியில் ஹ்யூஜ் டர்ட்டி கவ் என்று பெயர் வாங்கியது அதுதான்.

அப்புறம் 5.16 கெர்னலில், பேஜ் ஃபால்ட்டை (தேடிய பேஜ் தயாராக இல்லாத நிலை) பயனர் நிரலே கையாள விடும் யூசர்ஃபால்ட்எஃப்டி சார்ந்த ஒரு மாற்றம் ஷேர்டு மெமரி பேஜ்களுக்கு எப்போதும் டர்ட்டி பிட் போட ஆரம்பித்தது. அந்த பிட்டை நம்பி வேறொரு கோப்பில் ஒரு பாதுகாப்புச் சோதனை உட்கார்ந்திருப்பதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? 2022-ல் கெர்னல் டெவலப்பர் டேவிட் ஹில்டன்பிராண்ட் எழுதிய திருத்தம் அந்த நகல் கொடியையே தூக்கிவிட்டது. 'இது இந்தப் புராசஸுக்கு மட்டும் சொந்தமான அனானிமஸ் (கோப்பு சாராத) பேஜா' என்று பேஜிடமே கேட்கும்படி மாற்றியது. என்னைக் கேட்டால் முதல் நாளே வந்திருக்க வேண்டிய கேள்வி அது. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் அடையாளம் அப்போது பேஜில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேறு காரணத்துக்காகப் போடப்படும் ஒரு பிட்டை நம் சோதனைக்கு இரவல் வாங்குகிறோம் என்றால், அதை யார் யார் போடுகிறார்கள் என்று கெர்னல் முழுவதும் கிரெப் செய்து (தேடிப்) பார்க்காமல் பேட்ச்சை அனுப்பக்கூடாது.

'இது வெறும் தியரி, நடைமுறையில் நடக்காது' என்று ஒதுக்குவது அடுத்த தவறு. 2016 பேட்ச்சோடு எழுதிய விளக்கமான கமிட் குறிப்பிலேயே லினஸ் இதைத் தொட்டிருக்கிறார்: முன்பு தியரி மட்டத்தில் இருந்த ரேஸ், மெமரி பகுதியின் ஸ்கேலிங் (பல சிபியுக்களில் ஒருசேர ஓடும் திறன்) மேம்பட்டதும் எளிதில் நடக்கக்கூடியதாகிவிட்டது. தவிர, எதிரி அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருப்பதில்லை. யூசர்ஃபால்ட்எஃப்டி, பயனர் நிரலே கோப்பு முறைமையை நடத்த விடும் ஃப்யூஸ் போன்றவற்றைக் கொண்டு கெர்னலை ஒரு பேஜ் ஃபால்ட்டின் நடுவே வேண்டிய நேரம் நிறுத்திவைக்க முடிந்திருக்கிறது. அதனால் சோதனையை நாலு வரி கீழே இறக்கி இடைவெளியைச் சுருக்கினேன் என்பதெல்லாம் திருத்தம் ஆகாது. செய்தி அச்சிடும் பிரிண்ட்கே ஒன்றைச் சேர்த்ததும் பிழை காணாமல் போய்விட்டது என்றால் டைமிங் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

லாக்கை (மற்றவர் குறுக்கிடாமல் தடுக்கும் பூட்டு) விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கும் இடங்கள் தனி ரகம். பேஜ் ஃபால்ட்டைக் கவனிக்கும் ஃபால்ட் ஹேண்ட்லர் 'மறுபடி முயற்சி செய்' என்று திருப்பி அனுப்பினால், வழக்கமாக முகவரிப் பகுதிகளைக் காக்கும் எம்மேப் லாக் அதற்குள் விடப்பட்டிருக்கும். கையில் இருக்கும் விஎம்ஏ (ஒரு முகவரிப் பகுதியின் பதிவு) பாயின்ட்டர் அந்த நொடியிலிருந்து செல்லாக்காசு. லாக்கை மறுபடி பிடித்துக்கொண்டு அதே பாயின்ட்டரைத் தொடர்ந்து பயன்படுத்தினால் விடுவிக்கப்பட்ட மெமரியைத் தொட நேரிடும். விஎம்ஏவை முதலிலிருந்து தேடித்தான் ஆக வேண்டும். ஃபால்ட் ஹேண்ட்லரின் உள்ளேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது: லாக் இல்லாமல் படித்த பேஜ் டேபிள் என்ட்ரியை வைத்து முடிவெடுப்பார்கள், லாக்கைப் பிடித்ததும் 'பிடிஇ சேம்' சோதனையில் அது மாறவில்லை என்று உறுதிசெய்த பிறகே தொடர்வார்கள். பேஜ் கேஷிலும் இதே ஒழுங்குதான். ஆர்சியூவின் (படிப்பவர்கள் முடிக்கும்வரை பழையதை விடுவிக்காமல் காக்கும் முறை) கீழ் ஃபோலியோவை (பேஜ்களின் தொகுப்பு) தேடு, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு, கூட்டியபின் அதே இடத்தில் அதே ஃபோலியோதான் இருக்கிறதா என்று மறுபடி பார். கடைசிப் படியை விட்டால், இதற்குள் வேறு கோப்புக்குப் போய்விட்ட பேஜ் நம் கையில் இருக்கும்.

பேஜ் டேபிளை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது மெமரி பகுதிக்கே உரிய தவறு. சிபியு பேஜ் டேபிளை மட்டும் பார்ப்பதில்லை, அதன் என்ட்ரிகளைத் தன்னிடம் நகலாக வைத்திருக்கும் டிஎல்பியையும் பார்க்கிறது. கூகுள் புராஜெக்ட் ஜீரோவின் யான் ஹார்ன் 2018-ல், மேப்பிங்கை வேறு முகவரிக்கு நகர்த்தும் எம்ரீமேப்பில் கண்டது இந்த வகை. என்ட்ரிகளைப் புது முகவரிக்கு நகர்த்திவிட்டு, பேஜ் டேபிள் லாக்கை விட்ட பிறகுதான் கெர்னல் டிஎல்பியைத் துடைத்தது. அந்த நடுவில் இன்னொரு த்ரெட் கோப்பைச் சுருக்கினால், பேஜ் புது முகவரியிலிருந்து கழற்றப்பட்டு விடுவிக்கப்படும். அந்தத் த்ரெட் துடைப்பதும் புது முகவரிக்கான டிஎல்பியைத்தான். பழைய முகவரிக்கான டிஎல்பி என்ட்ரியோ, வேறு யாருக்கோ போய்விட்ட பேஜை இன்னமும் காட்டிக்கொண்டிருக்கும். லாக்கை விடும் முன்பே துடைப்பதுதான் திருத்தம். வேகத்துக்காகத் துடைப்பதைத் தள்ளிப்போடும் எந்த பேட்ச்சையும் இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

ரீட் லாக்கை (படிப்பவர்கள் பலர் ஒருசேரப் பிடிக்கக்கூடிய லாக்) பிடித்துக்கொண்டு எழுதுவது இன்னொன்று. ஸ்டாக்கை நீட்டும் நிரல் நீண்டகாலமாக எம்மேப் லாக்கை ரீட் முறையில் பிடித்துக்கொண்டே விஎம்ஏவின் எல்லையை மாற்றி வந்தது. விஎம்ஏக்களை ரெட்-பிளாக் மரம் என்ற அமைப்பில் வைத்திருந்தவரை அது ஓடியது. 6.1-ல் மேப்பிள் மரம் வந்ததும் எல்லையை மாற்றுவது என்பது பழைய நோடை எடுத்துவிட்டுப் புது நோடை வைப்பதாகிவிட்டது. பழைய நோட் ஆர்சியூ மூலம் விடுவிக்கப்படும். ஆனால் ரீட் லாக்கை மட்டும் நம்பி மரத்தில் உலாவுகிறவர்கள் ஆர்சியூ பாதுகாப்புக்குள் இல்லை. 2023-ல் ஸ்டாக்ராட் என்று வெளிவந்தது இதுதான். ஸ்டாக்கை நீட்டும் முன் ரைட் லாக் எடுத்தே ஆக வேண்டும் என்று மாற்றினார்கள். டேட்டா ஸ்ட்ரக்சரை மாற்றும்போது பழைய லாக் விதிகளும் தாமாகச் செல்லுபடியாகும் என்று நம்பக்கூடாது.

கருவிகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரேஸ்களைக் கண்டுபிடிக்கும் கருவியான கேசிசான் ஒரு டேட்டா ரேஸைக் காட்டியதும் அந்த வரியில் ரீட்-ஒன்ஸை (மதிப்பை ஒரே முறை படிக்கச் சொல்லும் மேக்ரோ) போட்டு வாயை அடைப்பவர்கள் உண்டு. ரீட்-ஒன்ஸ் கம்பைலரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். படித்த மதிப்பு அடுத்த வரியிலும் உண்மையாக இருக்கும் என்று அது உத்தரவாதம் தராது. புதிதாக ஒரு லாக்கைச் சேர்ப்பதானால், கெர்னல் மூலத்தின் எம்எம் அடைவில் ஆர்மேப் கோப்பின் தலையில் எழுதியிருக்கும் லாக் வரிசையை முதலில் படியுங்கள். லாக் வரிசையைச் சோதிக்கும் லாக்டெப்பை இயக்கிவைத்து ஓட்டுங்கள். ஒற்றை சிபியு க்யூஎம்யுவில் (மெய்நிகர் இயந்திரம்) ஓட்டிவிட்டு 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட் பாஸ்' என்று எழுதுவதில் பெரிய பயனில்லை.

பேட்ச்சை அனுப்பும்போது கமிட் குறிப்பில் சிபியு 0, சிபியு 1 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, எந்த வரிக்குப் பின் எது ஓடினால் பிழை வரும் என்று நேராக எழுதுங்கள். அதே படத்தைத் திருத்தத்துக்குப் பிறகும் ஒருமுறை வரைந்து பாருங்கள். இரண்டாவது பத்தி எந்த லாக்கில் அல்லது எந்த மறுசோதனையில் நின்றுபோகிறது என்று அதில் காட்ட முடியவில்லை என்றால் பேட்ச் இன்னும் தயாராகவில்லை.